ஒத்துப் பார்க்கும் வேலை

21 ஆகஸ்ட் 2025, வியாழன்

எழுதச் சொன்னது வக்கீல் மெர்லின் மேடம். தேதி போட்டு எழுதி வையுங்கள் தங்கக்கா, என்றைக்கு என்ன நடந்தது என்று பிறகு கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது, கேஸுக்கு உதவும் என்றார்கள். நோட்டும் அவர்களே கொடுத்தார்கள். போன வருஷத்து வக்கீல் டைரி, பாதிக்கு மேல் காலி. தேதியை அடித்துத் திருத்திக்கொண்டு எழுதுகிறேன்.

ஆவுடைத்தங்கம், வயது 43, கணவர் பெயர் காலஞ்சென்ற சங்கரலிங்கம், கோவில்பட்டி கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை. பத்தொன்பது வருஷமாக ஊரார் மனுவெல்லாம் அடித்து அடித்து, என்னைப் பற்றி எழுதினாலும் மனு மாதிரியேதான் வருகிறது.

விஷயம் இதுதான். என் மகள் பவதாரணி பிளஸ் டூ படிக்கிறாள். வருகிற அக்டோபர் பதினேழாம் தேதி பதினெட்டு முடிகிறது. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற கார்த்தீசன் என்பவனோடு ஆறு மாதமாகப் பழக்கம். அவனுக்கு இருபத்து மூன்று. வெறும் பழக்கம் என்றால் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு விட்டிருப்பேன். மணிக்கு ஒரு தரம் அவள் எங்கே இருக்கிறாள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்ப வேண்டுமாம். ஒரு நாள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அனுப்ப மறந்துவிட்டாள். மறுநாள் அவள் மணிக்கட்டில் நாலு விரல் தடம். கேட்டால் கதவு இடித்தது என்றாள். கதவுக்கு எத்தனை விரல் என்று கேட்டேன். அதோடு பேச்சு நின்றுவிட்டது. கூடப் படிக்கிற பிள்ளை ஒருத்தி கடைக்கு வந்து அழுதுகொண்டே சொல்லித்தான் எனக்கு முழுக்கத் தெரியும்.

மேடத்திடம் வழி கேட்டேன். பதினெட்டு முடியாத பிள்ளை என்பதால் சட்டம் நம் பக்கம் என்றார்கள். 1098-க்குப் போன் போட்டால் ஆள் வந்து அவளிடம் பக்குவமாகப் பேசுவார்கள், குழந்தைகள் நலக் குழு இருக்கிறது, மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. அவன் தப்பாகத் தொட்டிருந்தால் போக்சோ. அவள் இஷ்டப்பட்டுத்தான் என்று அவன் சொன்னால் செல்லாது. போட்டோவை வைத்து மிரட்டினால் அதற்குத் தனியாகச் சைபர் கிரைமில் புகார். ஆனால் எல்லாவற்றுக்கும் அவள் வாயைத் திறக்க வேண்டும், அதற்கு உங்கள் மேல் அவளுக்கு நம்பிக்கை வேண்டும் என்றார்கள். இன்னும் இரண்டு மூன்று சொன்னார்கள். பூட்டி வைக்காதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள், கை வைக்காதீர்கள் என்று. அதெல்லாம் தெரிந்த விஷயம்தானே. எழுதிக்கொள்ளவில்லை.

23 ஆகஸ்ட், சனி

போன் பீரோவில் இருக்கிறது. சாவி என் இடுப்பில்.

கடைக்குப் போகும்போது வெளிப்பூட்டுப் போட்டேன். அந்தப் பயல் வந்துவிட்டால் என்ன செய்வது? பாதுகாப்புக்குத்தான். மத்தியானம் வந்து திறந்தபோது சோறு போட்டது போட்டபடி இருந்தது.

சாயங்காலம் அண்ணன் பெருமாள்சாமி வந்தான். அவனுக்கு யாரோ வத்தி வைத்துவிட்டார்கள். நம்ம ஆளுகதானே தங்கம், அக்டோபர் வந்தால் பதினெட்டு, பேசி முடித்துவிட்டால் ஊர் வாயையும் மூடலாம் என்று பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்து காப்பி குடித்தான்.

"விரல் தடத்துக்கு மேல தாலியக் கட்டுனா தடம் அழிஞ்சிருமாண்ணே?" என்று கேட்டேன்.

"ஏன், ஒம் மாப்பிள அடிக்காத அடியா? நீ இருந்து குடும்பம் நடத்தலயா?" என்று சொல்லிவிட்டு, தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் போனான்.

அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கொஞ்சம் கை நீட்டுவார்தான். ஆனால் கெட்டவர் இல்லை. அதற்காக நான் யார் வீட்டுக்காவது ஓடினேனா? அது வேறு, இது வேறு. உள்ளே இருந்து தாரணி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

25 ஆகஸ்ட், திங்கள்

எழுத ஒன்றுமில்லை. தோசைக்கரண்டி வளைந்துவிட்டது. நல்ல இரும்பு. வேறு வாங்க வேண்டும்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

தாரணியைக் காணவில்லை.

பரீட்சை என்றாள், அதனால் அனுப்பினேன். பையை வலது தோளில் மாட்டிக்கொண்டு போனாள். எப்போதும் இடது தோள்தான். பத்தரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, பிள்ளை வரவில்லையே என்று. ரிப்பேர் கடைக்கு ஓடினேன். பூட்டியிருந்தது.

பிறகு என் கடைக்கு வந்து புகார் அடித்தேன். பதினொரு நிமிஷம். கம்ப்யூட்டரில் 'காணாமல் போன மகள்' என்றே ஒரு கோப்பு கிடக்கிறது. இருபது முப்பது தகப்பன்மாருக்கு அதை வைத்து அடித்திருப்பேன். பெயர், வயது, தேதி, எதிரியின் விலாசம் மாற்றினால் போதும். 'அன்பும் பாசமுமாக வளர்த்து வந்த, உலகம் அறியாத என் மகளை மேற்படி எதிரி ஆசை வார்த்தை கூறி மயக்கிக் கடத்திச் சென்றுவிட்டார்.' கை தன்னால் போனது. ஒத்துப் பார்க்க ஆள் இல்லை. நானே ஒரு தரம் கண்ணை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

மெர்லின் மேடம் இன்றைக்கு மதுரையில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காட்டியிருக்கலாம். காத்திருக்கப் பொறுமை இல்லை.

28 ஆகஸ்ட், வியாழன்

கிடைத்துவிட்டாள். சாத்தூரில் அவனுடைய பெரியம்மா வீட்டில் இருந்தாள். மகளிர் போலீஸ் போய்க் கூட்டி வந்தார்கள். அவனையும் பிடித்துவிட்டார்கள்.

ஸ்டேஷனில் அவளைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். இடது தோளைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். எஸ்.ஐ. அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவன் செய்ததாகத்தான் நினைத்திருப்பார்கள்.

29 ஆகஸ்ட், வெள்ளி

தூத்துக்குடியில் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தினார்கள். கோர்ட்டு மாதிரி இல்லை. ஒரு மேஜை, நாலு பேர், எல்லாரும் சாதாரணமாகப் பேசினார்கள். தலைவி அம்மா நான் கொடுத்த புகாரை எடுத்து மெதுவாக வாசித்தார்கள். வாசித்து முடித்துவிட்டு, இதில் இருப்பது சரிதானா பாப்பா என்று தாரணியிடம் கேட்டார்கள்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

"அது எனக்கு எழுதுனது இல்ல மேடம். அம்மா எல்லாருக்கும் அடிக்கிற மனு. எனக்கு மனப்பாடமாத் தெரியும். அடுத்த வரி நான் சொல்லட்டுமா?"

சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகாமல் கடைசி வரைக்கும் சொன்னாள்.

யாரும் கடத்தவில்லை, நானாகத்தான் போனேன் என்றாள். அவன் அடித்தானா என்று கேட்டார்கள். பதில் இல்லை. தோளில் என்ன என்று கேட்டார்கள். பதில் இல்லை. டாக்டர் பரிசோதனைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவோடு போகிறாயா என்று கேட்டார்கள். அதற்கு மட்டும் உடனே பதில் வந்தது. போகமாட்டேன்.

என் புகாரில் ஒரு வரி பொய்யாகிவிட்டது, அதனால் மற்ற வரிகளையும் யாரும் நம்பவில்லை. மணிக்கட்டுத் தடத்தைப் பற்றி நான் அதில் எழுதவே இல்லை. கோப்பில் அதற்கு இடம் இல்லாததால் எழுதவில்லை. அந்த ஒன்றுதான் உண்மை.

பெண் பிள்ளைகள் இல்லத்தில் வைத்திருக்க உத்தரவு. பதினெட்டு முடியும் வரை. அதற்குப் பிறகு அவள் யாரோடு போனாலும் யாரும் கேட்க முடியாது.

3 செப்டம்பர், புதன்

நாற்பத்து நாலு நாள் இருக்கிறது.

7 செப்டம்பர், ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கும் நாள். ஆறரை பஸ் பிடித்து ஒன்பதுக்கெல்லாம் போய்விட்டேன். அவளுடைய புஸ்தகங்கள், இரண்டு சுடிதார், தேங்காயெண்ணெய், சேவு அரைக் கிலோ, அவளுக்குப் பிடித்த கடலை மிட்டாய். வார்டன் அம்மா உள்ளே போய்விட்டு வந்து, பிள்ளைக்கு இஷ்டமில்லைங்க, வற்புறுத்தக் கூடாது என்றார்கள். பையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

எதிரே வேப்பமரத்தடியில் மூன்று மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதில் அவள் சிரிப்பு இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன். தெரியவில்லை. அவள் சிரித்து நாளாகிவிட்டது.

10 செப்டம்பர், புதன்

இன்றைக்கு ஒரு சொத்து வழக்கு வாதுரை, முப்பத்தெட்டுப் பக்கம். அடித்து முடித்துவிட்டு ஒத்துப் பார்க்க உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் அதுதான் உயிர். ஒருத்தர் மூலத்தை வாசிக்க வேண்டும், கமா, புள்ளி எல்லாம் வாயால் சொல்லி. இன்னொருத்தர் அடித்த தாளில் விரல் வைத்துக்கொண்டே வந்து வரிக்கு வரி "ம்" சொல்ல வேண்டும். "ம்" வந்தால்தான் அடுத்த வரி.

தாரணி எட்டு வயதிலிருந்து "ம்" சொன்னாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு. கொலை வழக்கு, ஜீவனாம்ச வழக்கு, வரப்புச் சண்டை, எல்லாவற்றுக்கும் அவளுடைய "ம்" வாங்கித்தான் என் கடைத் தாள் கோர்ட்டுக்குப் போகும். சேட்டை பிடித்த நாளில் வேண்டுமென்றே "ம்" சொல்லாமல் உட்கார்ந்திருப்பாள். நான் நிமிர்ந்து பார்த்து முறைத்த பிறகு சிரித்துக்கொண்டே சொல்லுவாள்.

இன்றைக்கு மூலத்தை இந்தப் பக்கமும் தாளை அந்தப் பக்கமும் வைத்துக்கொண்டு நானே வாசித்தேன். ஒவ்வொரு வரிக்கும் நின்று நின்று பார்த்தேன், பழக்க தோஷம். ஏழாம் பக்கத்துக்கு மேல் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தால் எழுத்து எங்கே தெரிகிறது.

16 செப்டம்பர், செவ்வாய்

அவனுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. பிள்ளையே புகார் சொல்லாதபோது எத்தனை நாள் உள்ளே வைப்பார்கள்? தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், அவளைப் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை.

கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக என் கடை வாசலுக்கு வந்தான். சட்டை இஸ்திரி கலையாமல், நெற்றியில் விபூதி. பார்த்தால் யாரும் நல்ல பையன் என்றுதான் சொல்வார்கள்.

"என்னத்த, சௌக்கியமா? அக்டோபர் பதினேழ நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன். பொறந்த நாளைக்கு என்ன கலர் சேலை எடுக்கணும்னுகூட அவகிட்ட முன்னமே கேட்டு வச்சாச்சு."

அத்தையாம். குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் அவனுக்கு வணக்கம் சொன்னார்.

18 செப்டம்பர், வியாழன்

மெர்லின் மேடத்தைப் பார்த்து அவன் வந்ததைச் சொன்னேன். கடை வாசலில் வந்து நின்றதையும் பேசியதையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள், ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம் என்றார்கள். அவள் பக்கம் வராமல் இருக்க நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்க வருவாய்த் துறை ஆர்.டி.ஓ.விடமும் மனு போடலாம். ஆனால் எதைப் போட்டாலும் அவள் வாயால் சொன்னால்தான் நிற்கும். இல்லாவிட்டால் மகளைப் பிரிக்கிற தாய் என்றுதான் பார்ப்பார்கள். பதினேழாம் தேதி தாண்டிவிட்டால் அவ்வளவுதானா என்று கேட்டேன்.

"பதினெட்டு வயசு ஆனாலும் பதினேழு வயசுல நடந்தது பதினேழு வயசுல நடந்ததுதான் தங்கக்கா. அவ எப்ப வேணும்னாலும் சொல்லலாம். கேஸ் உங்களுது இல்ல. அவளுது." கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டு இருந்தார்கள். பிறகு கேட்டார்கள். "ஒண்ணு கேக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அவள அடிச்சீங்களா?"

இல்லை என்றேன். மேடம் தண்ணீர் குடித்தார்கள்.

21 செப்டம்பர், ஞாயிறு

போனேன். வரவில்லை. மூன்றாவது ஞாயிறு. வார்டன் அம்மாவே இரக்கப்பட்டு, நல்லாச் சாப்பிடுறா, பரீட்சைக்குப் படிக்கிறா, இடது தோளு இப்போ சரியாப்போச்சு என்றார்கள். சரியாகப் போய்விட்டதா, நல்லது என்றேன். வேறு என்ன சொல்ல.

24 செப்டம்பர், புதன்

விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு தகப்பன் வந்தார். மகளைக் காணோம். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எல்லாரும் சொல்றாங்கம்மா, நீங்க அடிச்சா டக்குன்னு எடுத்துக்குவாங்களாம் என்றார். கோப்பைத் திறந்தேன். பெயர் போடுகிற இடத்தில் 'பவதாரணி' என்றே கிடந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகு மூடிவிட்டு, என்ன நடந்துச்சு, முதல்ல இருந்து சொல்லுங்கண்ணாச்சி என்றேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். வீட்டில் அன்றைக்கு என்ன சண்டை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அதயும் எழுதணுமா தாயி என்றார்.

எழுதினால் நல்லது என்றேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று யாராவது சிரித்திருந்தால் கோபப்பட்டிருக்க மாட்டேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

வரவில்லை. அங்கே பிள்ளைகளிடம் பேசி ஆலோசனை சொல்லுகிற ஒரு மேடம் இருக்கிறார்கள். பேச முடியாவிட்டால் கடுதாசி எழுதுங்களேன், கொடுக்கிறோம் என்றார்கள்.

30 செப்டம்பர், செவ்வாய்

கடுதாசி வரவில்லை. ஊரில் யாருக்கு என்ன வேண்டுமானாலும் பதினொரு நிமிஷத்தில் எழுதிக் கொடுக்கிற கை. 'அன்புள்ள மகளுக்கு' என்று எழுதினால் அடுத்த வரி 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது' என்று வருகிறது. நாலு தாள் கிழித்தேன்.

சாப்பிட உட்கார்ந்தேன். புதுக் கரண்டி வாங்கி ஒரு மாதம் ஆகிறது, அதில் ஒரு தோசைகூடச் சுடவில்லை. பழையதைத் தூக்கிப் போடாமல் அடுப்படி மூலையில் ஏன் வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை.

1 அக்டோபர், புதன்

இந்த டைரியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். அவன் செய்ததையெல்லாம் எழுதத்தான் ஆரம்பித்தேன். ஆகஸ்ட் 25-ஐ மூன்று தரம் வாசித்தேன். ஒத்துப் பார்க்க ஆள் இருந்திருந்தால் அந்த வரிக்கு "ம்" கிடைத்திருக்காது.

அன்றைக்கு நடந்தது: பீரோச் சாவியை என் இடுப்பிலிருந்து எடுக்க வந்தாள். தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். கரண்டி கையில் இருந்தது. ஒரு தரம் இல்லை, நாலு தரம். கடைசி அடி சூட்டோடு தோளில் பட்டது. அவள் கத்தவில்லை. "நீயும் அவனும் ஒண்ணுதான்" என்று மட்டும் சொன்னாள். அதற்காக இன்னொன்று விழுந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்குப் புத்தி இருந்தது. தெரிந்தேதான் அடித்தேன்.

இதையே ஒரு தாளில் கையால் எழுதினேன். மன்னித்துவிடு என்று எழுதவில்லை, அதுவும் கோப்பில் இருக்கிற வார்த்தை மாதிரி இருந்தது. கரண்டி வளைந்தது தோசையால் இல்லை என்று முடித்தேன்.

5 அக்டோபர், ஞாயிறு

கடுதாசியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் வரவில்லை.

12 அக்டோபர், ஞாயிறு

வந்தாள்.

பார்வையாளர் அறைக் கதவு வரைக்கும் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னியிருந்தாள், எனக்கு வராத பின்னல். யார் பின்னி விட்டார்களோ. எழுந்திரிக்கப் போனேன், வார்டன் அம்மா கையைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்துகொண்டேன்.

ஐந்து நிமிஷம் இருக்கும். என் கையைப் பார்த்தாள். நானும் என் கையைப் பார்த்தேன். பிறகு போய்விட்டாள்.

பஸ்ஸில் வரும்போது அந்த ஐந்து நிமிஷத்தையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன். எட்டயபுரம் வந்தது தெரியவில்லை.

16 அக்டோபர், வியாழன்

நாளைக்கு. பச்சைப் பயறுப் பாயசம் வைக்கச் சாமான் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். அவளுடைய மெத்தையை வெயிலில் போட்டேன். பீரோப் பூட்டைக் கழற்றிவிட்டேன். வீட்டுக்கு வெளியே மாட்டுகிற பூட்டையும். எனக்கே சிரிப்பு வந்தது, திருடன் வந்தால் என்ன செய்வேன் என்று.

அவனோடு போய்விடுவாளோ? சாமி, செண்பகவல்லித் தாயே, என்னிடம் வர வேண்டாம், அவனிடம் போகாமல் இருந்தால் போதும். எழுதிவிட்டேனே தவிர, என்னிடமும் வர வேண்டும்.

17 அக்டோபர், வெள்ளி

முதல் பஸ். தூக்குவாளியில் பாயசம். இல்லத்து வாசலுக்கு எட்டரைக்குப் போனேன். அவன் எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தான், பைக்கில், மடியில் ஒரு துணிக்கடைப் பை. என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நான் கேட்டுக்கு இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். யாராவது பார்த்தால் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள் என்று நினைத்திருப்பார்கள்.

பத்து மணிக்கு வார்டன் அம்மா வெளியே வந்தார்கள்.

"அவ காலைல ஆறு மணிக்கே போயிட்டா. மெர்லின் வக்கீலம்மா வந்து கூட்டிட்டுப் போனாங்க. பொம்பளப் பிள்ளைகள் ஹாஸ்டல்ல சேந்திருக்கா. எந்த ஹாஸ்டல்னு அந்தப் பையனுக்கும் சொல்லக் கூடாது, எங்க அம்மாவுக்கும் சொல்லக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிருக்கா."

ஒரே வரியில் இரண்டு பேரையும் எழுதியிருக்கிறாள்.

அவன் கேட்டைக் காலால் எட்டி உதைத்தான். வார்டன் அம்மா நிதானமாகப் போனை எடுத்துப் போலீசுக்கு அடித்தார்கள். பைக் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. நான் தூக்குவாளியை அவர்களிடமே கொடுத்து, பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றேன். நடந்தேன். அழுதுகொண்டேதான் நடந்தேன், ஆனால் அவனோடு போகவில்லை, அவனோடு போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே நடந்தேன்.

20 அக்டோபர், திங்கள். தீபாவளி

எண்ணெய் தேய்க்கவில்லை. பக்கத்து வீட்டில் அதிரசம் கொடுத்தார்கள். அவளுக்குப் பிடிக்கும் என்று இரண்டு எடுத்து வைத்தேன். எறும்பு மொய்த்துவிட்டது.

மெர்லின் மேடத்துக்குப் போன் பண்ணி, நல்லா இருக்காளா என்று மட்டும் கேட்டேன். நல்லா இருக்கா தங்கக்கா என்றார்கள். எங்கே என்று கேட்கவில்லை. நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை.

24 அக்டோபர், வெள்ளி

பதினொன்றரைக்கு மெர்லின் மேடம் கடைக்கு வந்தார்கள். எப்போதும்போல ஏதோ மனு என்று நினைத்து, வாங்க மேடம் என்று நிமிர்ந்தேன். பின்னால் தாரணி.

மேஜைக்கு அந்தப் பக்கம், மனு அடிக்க வருகிற கட்சிக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்றாள். கையில் நாலு பக்கம் எழுதின தாள்.

"ஒரு புகார் அடிக்கணும்" என்றாள். என்னிடம்தான் சொன்னாள், ஆனால் யாரிடமோ சொல்கிற மாதிரி.

மேடம், எங்கே வேணும்னாலும் அடிக்கலாம்னு சொன்னேன், இங்கதான் அடிக்கணும்னு சொல்லிட்டா என்றார்கள். சரி என்றேன். புதுப் பக்கம் திறந்தேன். எந்தக் கோப்பையும் எடுக்கவில்லை.

அவளுடைய எழுத்து. கார்த்தீசன் மணிக்கொரு தரம் போட்டோ கேட்டது. ஆண்டு விழாவுக்கு மறுநாள் மணிக்கட்டை முறுக்கியது. என்னென்ன போட்டோவை வைத்து மிரட்டினான் என்பது. சாத்தூரில் இரண்டு நாள். அந்தப் பக்கத்தை நான் எப்படி அடித்தேன் என்று இங்கே எழுதமாட்டேன். அது அவளுடைய கேஸ். இரண்டு இடத்தில் எழுத்து மாறிப் போய், அழித்து அடித்தேன்.

மூன்றாம் பக்கம் நடுவில் இருந்தது: 'நான் 26.8.2025 அன்று வீட்டை விட்டு வெளியேறியதற்குக் காரணம், அதற்கு முந்தின நாள் என் தாயார் என்னைத் தோசைக்கரண்டியால் ஐந்து முறை அடித்ததும், மூன்று நாட்கள் வீட்டில் பூட்டி வைத்ததும் ஆகும். எனக்குப் போக வேறு இடம் இல்லாததால் அவனிடம் போனேன்.'

கை நின்றுவிட்டது. நாலு என்று எழுதியிருந்தேன் டைரியில். கடைசியாக விழுந்ததைச் சேர்த்தால் ஐந்துதான். அவள் கணக்கு சரி.

மேடம் மெல்ல, இந்தப் பத்தி இல்லாட்டியும் புகார் நிக்கும்மா, உன் இஷ்டம் என்றார்கள் அவளிடம். அவள் தலையை ஆட்டினாள். அது இல்லாவிட்டால் ஏன் அவன்கிட்டப் போனேன்னு யாருக்கும் புரியாது மேடம், முதல் தடவ அதனாலதான் என்னால ஒண்ணும் சொல்ல முடியல என்றாள்.

அடித்தேன். ஐந்து என்றே அடித்தேன். ஒரு எழுத்து மாற்றவில்லை.

பிரிண்ட் எடுத்து அவளிடம் நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுதின மூலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, அடித்த தாளை எடுத்து வைத்து முதல் வரியில் விரலை வைத்தாள்.

வாசித்தேன். கமா, புள்ளி எல்லாம் சொல்லி. வரிக்கு வரி "ம்" வந்தது. ஐம்பத்தொன்பது நாளாக என் காது ஏங்கின சத்தம். அதைக் கேட்பதற்காக அந்த நாலு பக்கமும் நாற்பது பக்கமாக இருக்கக் கூடாதா என்று நினைத்தேன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தும் நினைத்தேன்.

மூன்றாம் பக்கம் வந்தது. வெளியே ஜெராக்ஸ் கடைக்காரர், இரண்டு வக்கீல் குமாஸ்தாக்கள், கோர்ட்டுக்கு வந்த ஜனம். என் குரல் தானாக இறங்கிவிட்டது. 'என் தாயார் என்னை' என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். "ம்" வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். விரல் அந்த வரியிலேயே நின்றது.

"சத்தமா வாசிம்மா" என்றாள். "எனக்குக் கேக்கல."

முதலிலிருந்து அந்த வரியை எடுத்தேன். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, கரண்டி, ஐந்து முறை, பூட்டி வைத்தது, எல்லாம் வாசித்துவிட்டு முற்றுப்புள்ளி என்றேன். ஜெராக்ஸ் மிஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. காத்திருந்தேன்.

"ம்" என்றாள்.

அடுத்த வரிக்குப் போனேன்.